தவில்காரனின் முதுகு

தவில் வாசிப்பவனின் கைகளைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். முதுகை யாரும் பார்ப்பதில்லை. தவில் வாரை வலது தோளில் மாட்டிக்கொண்டு நின்றபடியும் நடந்தபடியும் வாசிக்கத் தொடங்கியபோது எனக்கு மீசைகூட முளைக்கவில்லை. முப்பது வயதைத் தாண்டியபோது வலது தோள் இறங்கிப்போய், இடுப்பு இடது பக்கம் தள்ளிக்கொண்டு, கழுத்து முன்னால் நீண்டிருந்தது. சட்டை தைக்கக் கொடுத்தால் தையல்காரர் இரண்டு தோளுக்கும் தனித்தனியாக அளவெடுப்பார். அதை நான் ஒரு குறையாக நினைத்ததில்லை. எங்கள் ஆட்களில் நேராக நின்ற தவில்காரர் ஒருவரைக்கூட அதுவரை நான் பார்த்தது கிடையாது.

எங்கள் செட்டுக்குத் தலைவர் என் அக்காவின் கணவர். நாயனம் அவர்தான். குள்ளமான உருவம், மூச்சு மட்டும் யானை மூச்சு. அவருடைய வாசிப்பில் குறை சொல்ல எனக்கு ரொம்ப ஆசைதான், ஆனால் சொல்ல முடியாது. அவ்வளவு சுத்தமாக வாசிப்பார். செட்டில் நான், இன்னொரு தவில், ஒரு தாளம், ஒரு சுருதிப்பெட்டி. திருவண்ணாமலையிலும் சுற்றுப்பட்டிலும் நடக்கிற கல்யாணங்களில் முக்கால்வாசி மாமாவின் கையில்தான் இருந்தது என்று அவர் சொல்லிக்கொள்வார். பாதியாவது இருந்தது உண்மை.

சாமி ஊர்வலத்தில் மேளம் சாமிக்கு முன்னால் போக வேண்டும். ஆனால் சாமிக்கு முதுகைக் காட்டக் கூடாது. அதனால் சாமியைப் பார்த்தபடியே, தவிலை மாட்டிக்கொண்டு, பின்பக்கமாக நடப்போம். பின்னால் பள்ளமா, கல்லா, மாட்டுச் சாணமா என்பது காலுக்குத்தான் தெரிய வேண்டும். சாமிக்குச் செய்வதில் எனக்கு மனக்குறை இல்லை. மாமா அதை மாப்பிள்ளைக்கும் செய்ய ஆரம்பித்தார். மாப்பிள்ளை அழைப்பில் அலங்கரித்த காருக்கு முன்னால், மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தபடி, செட்டு மொத்தமும் பின்பக்கமாக நடக்கும். பெண் வீட்டுப் பெரிய மனிதர்களுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. தங்கள் மாப்பிள்ளை சாமி மாதிரி வருகிறார் என்று பூரித்துப்போவார்கள். வேறு செட்டுகள் இப்படிச் செய்யாததால் எங்களுக்கு அழைப்பு கூடியது.

திருவண்ணாமலை தனி மாவட்டமான சமயம் அது. அப்படி ஓர் ஊர்வலத்தில்தான் நான் விழுந்தேன். அதற்கு முன்பே முதுகு வலித்து, கால் மரத்துப்போய் இரண்டொரு தடவை தடுமாறி, பக்கத்துத் தவில்காரரின் தோளைப் பிடித்துச் சமாளித்திருந்தேன். இந்தத் தடவை சாக்கடையை மூடியிருந்த பலகைக்கல்லில் குதிகால் இடித்தது. உடம்பு ஏற்கனவே ஒரு பக்கம் சாய்ந்திருந்ததால் அந்தப் பக்கமே மொத்தமாகப் போய் விழுந்தேன். தவில் வாரிலிருந்து கழன்று உருண்டு காரின் முன்சக்கரத்தில் போய் முட்டி நின்றது. மங்கல வாத்தியம் மாப்பிள்ளை எதிரில் தரையில் விழுந்தால் சும்மா விடுவார்களா? காரை நிறுத்தினார்கள். மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி வாயில் துணியை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். கற்பூரம் காட்டித் தேங்காய் உடைத்த பிறகுதான் ஊர்வலம் நகர்ந்தது. எனக்கு முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

மறுநாள் மாமா வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"மச்சான், நீ அக்கா தம்பிங்கிறதுக்காக ஒரு தடவை பொறுத்துக்கலாம். இன்னொரு தடவை விழுந்தேன்னா வேற ஆளைப் பாத்துக்குவேன். அப்புறம் என்கிட்ட வருத்தப்படக் கூடாது."

வேறு செட்டில் போய்ச் சேரலாமே என்று வெளியாட்கள் நினைக்கலாம். சொந்த மாமா தள்ளிவிட்டவனை எங்களில் வேறு எந்தச் செட்டும் சேர்த்துக்கொள்ளாது. இவனிடம் ஏதோ கோளாறு இருக்கிறது என்றுதான் பேசுவார்கள். எனக்குத் தவிலைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது. இரண்டு குழந்தைகள் இருந்தார்கள். அதனால்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்கே மருந்து கொடுக்கிற டாக்டர் என்னைத் திருப்பிப் பார்த்துவிட்டு, கடைசி அறைக்குப் போகச் சொன்னார். அந்த அறையில் வேலூர் பக்கம் படித்துவிட்டுப் புதிதாக வந்திருந்த ஓர் அம்மா இருந்தார். என்னைவிட வயதில் சின்னவர். எல்லோரும் எக்சர்சைஸ் டாக்டரம்மா என்று சொல்வார்கள். என்னைச் சட்டையைக் கழற்றிவிட்டுத் திரும்பி நிற்கச் சொன்னார். முதுகெலும்பை மேலிருந்து கீழே விரலால் தொட்டுப் பார்த்தார்.

"என்ன வேலைங்க பண்றீங்க?"

"தவுல் வாசிக்கிறேங்க."

"நாளைக்கு அதை எடுத்துக்கிட்டு வாங்க."

ஆஸ்பத்திரிக்குத் தவிலைத் தூக்கிக்கொண்டு போனதை வாழ்நாளில் மறக்க மாட்டேன். வாசலில் நின்றவர்கள் யார் வீட்டு விசேஷம் என்று கேட்டார்கள். அந்த அம்மா தவிலைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு நாலடி நடந்து பார்த்தார். பின்பக்கமாக நடக்கப் பார்த்து, முடியாமல் கட்டிலைப் பிடித்துக்கொண்டார்.

"இதை மாட்டிக்கிட்டு எவ்ளோ நேரம் நிப்பீங்க?"

"சாயந்தரம் ஆரம்பிச்சா ஊர்வலம் முடியற வரைக்கும்ங்க."

"இவ்ளோ நாள் விழாம இருந்ததே பெரிய விஷயங்க" என்றார்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இத்தனை வருஷத்தில் என் உடம்பு என்ன பாடுபடுகிறது என்று கேட்ட முதல் ஆள் அவர்தான்.

முதலில் எங்களுக்குள் சண்டைதான் வந்தது. வாரைப் பாதி நேரம் இடது தோளுக்கு மாற்றிப் போடுங்கள் என்றார். கோல் பிடிக்கிற கை இடது கை, அந்தத் தோளில் வார் இருந்தால் கை எப்படி வீசும் என்று கத்தினேன். அவர் கோபப்படவில்லை. வாசித்துக் காட்டச் சொன்னார். ஆஸ்பத்திரி என்பதால் சத்தமில்லாமல் கையை மட்டும் ஆட்டிக் காட்டினேன். பார்த்துவிட்டு, "சரிதான், அது முடியாது" என்று உடனே ஒப்புக்கொண்டார். வாரை அகலமாக்கி உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கச் சொன்னார். மற்றதற்கு உடம்பைத்தான் பழக்க வேண்டும் என்றார்.

சுவரில் குதிகால், பிட்டம், தோள், பின்மண்டை நான்கும் படும்படி நிற்க வேண்டும். முதல் நாள் என் பின்மண்டைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சொம்பை வைக்கலாம் போல இருந்தது. மோவாயை உள்ளே இழுக்க வேண்டும். கைகளைச் சுவரோடு சுவராக மேலே ஏற்றி இறக்க வேண்டும். பிறகு ஒற்றைக் காலில் நிற்பது, முதலில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, பிறகு பிடிக்காமல், பிறகு கண்ணை மூடிக்கொண்டு. நாலு காலில் தவழ்கிற மாதிரி இருந்து வலது கையையும் இடது காலையும் ஒன்றாக நீட்டுவதும் உண்டு. என் மனைவி அதைப் பார்த்துவிட்டுச் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

"பசங்க ரெண்டும் நடக்குதுங்க. அப்பா தவழுது" என்றாள்.

கிண்டல் செய்தாலும் தினமும் பாயை விரித்துப் போட்டவள் அவள்தான். தோள் கோணினால் சாதக்கரண்டியால் தட்டி ஞாபகப்படுத்துவாள்.

கடைசியாகச் செய்ய வேண்டியது பின்நடை. ஒரு காலின் குதிகாலுக்குப் பின்னால் அடுத்த காலின் விரலை வைத்து, நேர்கோட்டில், திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். எங்கள் சந்தில் அதற்கு இடம் கிடையாது. மாடு, சைக்கிள், குடத்தோடு போகிற பெண்கள் எல்லாம் குறுக்கே வரும். அதனால் விடியற்காலையில் கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை தாண்டிப் போவேன். பௌர்ணமி தவிர மற்ற நாட்களில் அந்த இடத்தில் அந்நேரம் ஆள் நடமாட்டம் கம்மி. அங்கே மலையைப் பார்த்தபடி பின்பக்கமாக நடந்து பழகினேன்.

இந்த ஊரில் ஒருவன் காரணமில்லாமல் எதையும் செய்துவிட முடியாது. ஒருநாள் வயல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஓர் அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு என் காலைத் தொட்டுக் கும்பிட்டார். பதறிப்போய் நகர்ந்தேன்.

"என்ன வேண்டுதலுங்க இது? எம்பொண்ணுக்கு வரன் அமையல. நானும் வேண்டிக்கலாமா?"

முதுகுவலிக்கு என்று சொன்னேன். அவர் அதையும் பக்தியோடுதான் கேட்டுக்கொண்டார். அடுத்த வாரம் அவரும், கூட இன்னொரு பெண்மணியும், மலையைக் கும்பிட்டபடி தட்டுத்தடுமாறிப் பின்பக்கமாக நடந்து வந்துகொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் சொன்னபோது டாக்டரம்மா சிரித்துச் சிரித்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் தீவிரமான முகத்தோடு, "அவங்களை மொதல்ல ஒத்தைக் கால்ல நிக்கப் பழகச் சொல்லுங்க, விழுந்துடப் போறாங்க" என்றார். மச்சான் சாமியாராகப் போகிறானாமே என்று மாமாவின் காதுவரை செய்தி போய்விட்டது. அவரும் அன்று சிரித்தார் என்றுதான் அக்கா சொன்னாள்.

மாதங்கள் போகப் போக உடம்பு மாறியது. இடுப்பு நடுவுக்கு வந்தது. தோள் மேலேறியது. கால் மரத்துப்போவது நின்றது. தை மாதத்தில் ஓர் ஊர்க்கோயில் ஊர்வலத்தில் வீதி முழுக்கப் பின்பக்கமாக நடந்தேன், ஒரு தடவைகூடக் கால் பிசகவில்லை. மூச்சு தாராளமாக இருந்ததால் கையும் லேசாகியது. வாசிப்பை முடிக்கிற தீர்மானங்கள் அதுவரை விழாத அழுத்தத்தோடு விழுந்தன. நான் சந்தோஷமாக இருந்தேன். வேலை போகாது என்கிற நிம்மதி மட்டுமல்ல. காலையில் எழுந்தால் எங்கும் வலிக்காது. அது எப்படிப்பட்ட சுகம் என்று வலிக்காதவர்களுக்குச் சொன்னால் புரியாது.

அந்தச் சந்தோஷத்தைக் கெடுத்தது ஒரு வீடியோ கேசட். அப்போது கல்யாணங்களுக்கு வீடியோ எடுப்பது ஜாஸ்தியாகிவிட்டிருந்தது. ஓர் அரிசி மில் முதலாளி தன் மகள் கல்யாணக் கேசட்டைப் போட்டுப் பார்க்க எங்களையும் கூப்பிட்டிருந்தார். மாமாவும் நானும் போனோம். முதலாளி வீட்டார் சோபாவில், நாங்கள் தரையில். ஊர்வலம் வந்தது. வீடியோக்காரர் என்னையே சுற்றிச் சுற்றி எடுத்திருந்தார். நான் நேராக, அகலமான தோளோடு, நடுவில் நின்று வாசிக்கிறேன். என் தோளுக்குக் கீழே மாமாவின் தலை தெரிகிறது. பிறகு முதலாளி எங்களுக்குச் சால்வை போடுகிற காட்சி. மாமா இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு பாதியாக மடிந்து வாங்கினார். அவருக்குப் பின்னால் நானும் குனிந்துதான் வாங்கினேன். ஆனால் தவிலோடு குனியும்போது கழுத்தைத் தொங்கவிடக் கூடாது என்று டாக்டரம்மா எனக்குப் பழக்கியிருந்தாரே, அதனால் முகம் நேராக முதலாளியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நடுவுல நிக்கறாரே, அவருதான் செட்டு ஓனரா?" என்று முதலாளியின் சம்பந்தி கேட்டார்.

"தவுல்காரருங்க அது. கலெக்டர் மாதிரி நிக்கறாரு பாருங்க" என்றார் முதலாளி.

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே திரும்பி என் தோளைப் பார்த்தார்.

அங்கிருந்து நேராகச் சாப்பிடப் போனோம். அவர் வீட்டில் அக்கா எங்கள் இருவருக்கும் இலை போட்டாள். சாம்பார் ஊற்றும்போது மாமா கேட்டார்.

"உடம்பு சரியாயிடுச்சில்ல மச்சான்?"

"ஆயிடுச்சு மாமா."

"அப்போ போதும். அந்த ஆஸ்பத்திரி வித்தையெல்லாம் நிறுத்திக்க. முன்ன மாதிரி நில்லு."

"முன்ன மாதிரி நின்னுதானே விழுந்தேன்?"

"விழாம குனிஞ்சு நில்லு. நமக்குக் கை நீட்டற பொழப்பு. நிமிந்து நின்னு கை நீட்டினா எவன் குடுப்பான்? அந்தாளு என்ன சொன்னான்னு கேட்டல்ல?"

"அவரு சொன்னதுல உங்களுக்கு எது வலிச்சுது மாமா? கலெக்டர்னு சொன்னதா, ஓனர்னு கேட்டதா?"

மாமா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய்விட்டார். அக்கா சாம்பார்க் கரண்டியோடு அப்படியே நின்றாள். கேட்டிருக்கக் கூடாது என்று இன்றுவரை நான் நினைத்ததில்லை. கேட்டதற்கு அவர் பதில் சொல்லாததுதான் எனக்குக் கோபம்.

அதற்கடுத்த கல்யாணங்களுக்கு என்னைக் கூப்பிட ஆள் வரவில்லை. செய்யாறு பக்கத்திலிருந்து யாரையோ மாமா கூட்டிக்கொண்டு போனார். விழுந்தால் விலக்குவேன் என்றவர், விழாததற்காக விலக்கினார். இதை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள். நேராக நிற்கிறான் என்று வேலையை விட்டு எடுத்தார்களாம் என்று டீக்கடையில் கதையாகிவிடும். தவிலைத் துடைத்து வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு அக்கா வந்தாள். நான் தோற்றது அங்கேதான்.

"அவரு வீட்ல சாப்பிடறதில்லடா. எங்கிட்டயும் பேசறதில்ல. உன் தம்பி என்னை அவமானப்படுத்திட்டான்னு ஒரே வார்த்தை. நான் யாருகிட்டடா போவேன்?" முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கொஞ்சம் குனிஞ்சாத்தான் என்ன? தேஞ்சா போயிடுவே?" என்றாள்.

தேய்ந்துதான் போவேன், அக்கா. அதைச் சொல்லவில்லை. பேரன் பேத்தி எடுக்கப்போகிற வயது அவளுக்கு, அவள் குடும்பத்தை என் முதுகுக்காக உடைக்க எனக்கு மனசு வரவில்லை. சரி என்றேன். அடுத்த கல்யாணத்துக்கு மாமாவிடமிருந்து ஆள் வந்தது.

நினைத்தவுடன் கோணலாக நிற்க முடியும் என்று நினைத்தேன். முடியவில்லை. உடம்பு ஒன்றைக் கற்றுக்கொண்டால் சும்மா மறக்காது. வாசிப்பில் லயித்த மறுநிமிஷம் தோள் தானாக மேலேறிவிடும், மாமா கனைப்பார், நான் இறக்குவேன். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று கோணலைப் பழகினேன். தோளை இறக்கி, இடுப்பைத் தள்ளி, கழுத்தை நீட்டி. என் மனைவி இந்தத் தடவை கிண்டல் செய்யவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டாள். ஒரு நல்லது, நான் விழவில்லை. ஒற்றைக் காலில் நின்று பழகிய காலாயிற்றே, கோணல் உடம்பையும் தாங்கியது. அந்த அம்மா கொடுத்த பலத்தை வைத்துக்கொண்டுதான் அந்த அம்மா நிமிர்த்தியதை மடக்கினேன். ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்திவிட்டேன். எந்த முகத்தோடு போவது?

வலி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. இப்போது இதை எழுதுவதே முதுகுக்கு இரண்டு தலையணை வைத்துக்கொண்டுதான். மாமாவுக்கு மட்டும் குறை இல்லை. புதிய கேசட்டுகளில் அவர்தான் நடுவில் இருந்தார்.

சில வருஷங்கள் கழித்து வேங்கிக்காலில் புதிதாகக் கட்டிய ஒரு மண்டபத்தில் கல்யாணம். பெண்ணின் அப்பா ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர். எனக்கு அது தெரியாது. முகூர்த்தம் முடிந்து, அவர் எங்களுக்குத் தாம்பூலம் கொடுத்தார். மாமா வாங்கிக்கொண்டு நகர்ந்தார். நான் வழக்கம்போல் மடிந்து, தலையைத் தொங்கவிட்டு வாங்கினேன். நிமிர்ந்தபோது, நிமிர்ந்தது என்று சொல்லக்கூடிய அளவுக்கு, எதிரில் டாக்டரம்மா நின்றிருந்தார். தலையில் ஒன்றிரண்டு நரை. கையில் பரிசுப் பொட்டலம். என் முகத்தைப் பார்க்கவில்லை. தோளையும் இடுப்பையும்தான் பார்த்தார்.

"என்னங்க இது? இப்படி ஆயிட்டீங்க? எக்சர்சைஸ் பண்றதே இல்லையா?"

மாமா இரண்டடி தள்ளி நாயனத்தில் வாய் வைத்து ஊதுகிற சீவாளியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் கை நின்றது.

"நேரம் கெடைக்கலீங்க" என்றேன்.

அந்த அம்மாவின் முகம் வாடிப்போனது. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

"புதுசா வர்ற பேஷண்ட் கிட்ட எல்லாம் உங்களைத்தாங்க சொல்லுவேன். ஒரு தவுல்காரர் எப்படி வந்தாரு, எப்படி போனாருன்னு. நான்தான் சரியா சொல்லிக்குடுக்கலையோ? வீட்ல விடாம பண்ற மாதிரி சுலபமா குடுத்திருக்கணும்."

இல்லை அம்மா, நீங்கள் சொல்லிக்கொடுத்தது இந்த உடம்பில் அப்படியே இருக்கிறது, வேண்டுமானால் இந்த நிமிஷமே நின்று காட்டுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மாமா பக்கத்தில் வந்துவிட்டார்.

"நானும் தலையா அடிச்சிக்கிறேம்மா" என்றார். "நிமிந்து நில்லுடா, நிமிந்து நில்லுடான்னு. கேட்டாத்தானே? நம்ம ஆளுங்களுக்கு உடம்பு மேல எங்கம்மா அக்கறை இருக்கு?"

அவர் முகத்தில் கொஞ்சம்கூடக் கள்ளம் தெரியவில்லை. உண்மையிலேயே வருத்தப்படுகிறவர் மாதிரி தலையை ஆட்டினார். அந்த அம்மா அவரை நன்றியோடு பார்த்தார்.

"நீங்களாவது கொஞ்சம் பாத்துக்குங்க சார். நான் அடுத்த வாரம் வேற ஊருக்கு மாத்தலாகிப் போறேன். பெரியவங்க நீங்க சொன்னா கேப்பாரு."

"பாத்துக்கறேம்மா. நான் இருக்கேன்ல" என்றார் மாமா.

டாக்டரம்மா எனக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு மேடைப் பக்கம் போனார். மணமக்களை அழைத்துக்கொண்டு பந்திக்குக் கிளம்பினார்கள், மேளம் வேண்டும் என்று யாரோ குரல் கொடுத்தார். மாமா சீவாளியைப் பொருத்திக்கொண்டு முன்னால் நடந்தார். நான் தவிலை எடுத்து மாட்டிக்கொண்டு, தோளை இறக்கினேன்.